மழை குறைவு, தரையெல்லாம் தண்ணீர்

கேள்வி: வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலமான தூந்திராவில் பாலைவனம் அளவுக்குத்தான் மழை என்று மகனின் புவியியல் புத்தகத்தில் இருக்கிறது. படங்களில் பார்த்தால் எங்கும் குட்டையும் சதுப்பும்தான். எது சரி?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இரண்டுமே சரிதான். அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் உத்கியாக்விக் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பெயர் பாரோ. அங்கே விழும் பனியையும் உருக்கிக் கணக்கில் சேர்த்தால்கூட சராசரியாக ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் தேறாது. ஆனால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் போவதற்கு வழியே இல்லை. கோடையில் மேல்மண் ஒரு முழம் அளவுக்கு இளகும், அதற்குக் கீழே முன்னூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. சிமென்ட் தொட்டியில் ஊற்றியது மாதிரி தண்ணீர் அப்படியே நிற்கும். சரி, ஆவியாகியாவது போகுமா என்றால், மே 10 வாக்கிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை சூரியன் மறைவதே இல்லை என்றாலும் வெயில் சாய்ந்தே விழுவதாலும், அதில் பெரும்பங்கு பனியை உருக்கவே செலவாவதாலும், பக்கத்திலேயே பனிமிதக்கும் கடல் இருப்பதாலும் ஜூலையில்கூட சராசரி வெப்பம் 5 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். எனவே குட்டை வற்றாது. அப்புறம் கொசு! தூந்திராவின் கோடைக் கொசுக்கூட்டம் கலைமான்களையே இடம் மாற வைத்துவிடும்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: தூந்திராவைப் புரிந்துகொள்ள வானத்தைவிட மண்ணுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

கேள்வி: அங்கே மரமே வளராதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நிமிர்ந்த மரம் வளராது. ஜூலை மாதச் சராசரி 10 டிகிரியைத் தொடாத இடங்களில் காடு நின்றுவிடுகிறது, ஏறத்தாழ அதுதான் எல்லைக்கோடு. வேர் ஆழம் போகவும் உறைமண் விடாது. ஆனால் துருவ வில்லோ என்று ஒரு செடி உண்டு, தரையோடு தரையாகப் படர்ந்து சில அங்குலம்தான் உயரும், நூறு வயதைத் தாண்டியவைகூட இருக்கின்றன. காற்றுக்குத் தலைகொடுக்காமல், பனிப்போர்வைக்கு அடியிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த செடி இது.

கேள்வி: உறைந்த மண் உருகினால் நமக்கென்ன?
- வாசகர், வேலூர்

பதில்: முதலில் அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன என்று பார்ப்போம். உத்கியாக்விக்கின் பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்கள் திமிங்கல இறைச்சியை வைக்க உறைமண்ணிலேயே நிலவறை தோண்டுவார்கள். இப்போது சில நிலவறைகளில் தண்ணீர் ஊறி இறைச்சி கெடுகிறது. அலாஸ்காவின் நியூடாக் கிராமத்தில் மண் இளகி, ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்ததில், 2019-இல் அங்கிருந்த யூப்பிக் பூர்வகுடிக் குடும்பங்கள் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி மெர்டார்விக் என்ற புது ஊருக்குக் குடிபெயரத் தொடங்கின. ஊரையே விட்டுப் போவது சாதாரண இழப்பா?

நமக்கும் பங்கு உண்டு. குளிரில் மக்காமல் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த செடிகொடிகளின் மிச்சம் வடக்கு உறைமண்ணில் கிடக்கிறது. அதிலுள்ள கார்பன் காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும், கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் வெளியே வரும், புவி இன்னும் சூடாகும், மண் இன்னும் இளகும். எல்லாம் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பும் என்று பரப்புகிறார்கள், அப்படியில்லை. மெதுவாகத்தான் வரும், ஆனால் திரும்ப உள்ளே வைக்க வழியில்லை.

கேள்வி: கோடியக்கரைக்கு தூந்திராவிலிருந்து பறவைகள் வருகின்றனவாமே?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: ஆமாம், உள்ளான்கள். அவற்றில் அலகு வளைந்த ஓர் இனம் சைபீரியத் தூந்திராவில், நான் மேலே சொன்ன மாதிரி ஈர நிலத்தில்தான் ஜூன் மாதம் முட்டையிடுகிறது. குஞ்சுக்குத் தீனி அங்கே மொய்க்கும் பூச்சிகள். ஆண் பறவை முதலில் கிளம்பிவிடும், பிறகு தாய். குஞ்சுகள் கடைசியாக, பெற்றோர் துணையில்லாமல், முன்பின் பார்த்திராத தெற்கு நோக்கித் தாமே பறந்து வருகின்றன.