டாஸ்மேனியாவில் 'கடைசி ஆள்' என்று ஒருவர் இல்லை

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இருந்த பூர்வகுடிகள், 1876-இல் ட்ருகனினி என்ற மூதாட்டி இறந்ததோடு பூண்டோடு அழிந்துபோனதாக ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. அழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த மக்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள், அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

ஆங்கிலேயர்கள் 1803-இல் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் குடியேறினார்கள். அடுத்த வருடமே, பெண்களும் பிள்ளைகளுமாக அங்கே வந்த பூர்வகுடிக் கூட்டத்தின் மேல் சிப்பாய்கள் சுட்டார்கள். அப்புறம் ஆட்டு மந்தைகள் பெருகப் பெருக, வேட்டையாடிய நிலமெல்லாம் மேய்ச்சல் நிலமாகி, 1820களில் முழுப் போரே மூண்டது. 1830-இல் ஆளுநர் ஆர்தர், சிப்பாய்கள், குடியேறிகள், கைதிகள் என்று சுமார் 2,200 பேரை வரிசையாக நிறுத்தி, காட்டு விலங்கை வளைப்பது போல மனிதர்களைத் தென்கிழக்கு மூலைக்கு விரட்டச் சொன்னார். வாரக்கணக்கில் நடந்த அதில் பிடிபட்டது இரண்டே பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் அத்தனை பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டார்கள்.

துப்பாக்கியால் முடியாததைப் பேச்சு முடித்தது. ராபின்சன் என்பவர், ட்ருகனினியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பாதுகாப்பு தருகிறோம் என்று சொல்லி மிச்சமிருந்தவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே வைபலென்னா முகாமில் நோயிலும் ஏக்கத்திலும் செத்தவர்கள் போக, 1847-இல் டாஸ்மேனியாவின் ஆய்ஸ்டர் கோவுக்கு மீண்டவர்கள் 47 பேர். அதற்கு முந்தைய வருடம் அந்த முகாமிலிருந்தே விக்டோரியா மகாராணிக்கு மனு எழுதியிருக்கிறார்கள்: நாங்கள் கைதிகள் அல்ல, ஒப்பந்தம் பேசித்தான் நாட்டை விட்டுக்கொடுத்தோம், எங்கள் பங்கைக் காப்பாற்றினோம், நீங்கள் காப்பாற்றவில்லை என்று. அந்த நிலைமையிலும் இப்படிக் கேட்டவர்களைத்தான் 'தானாக மறைந்த இனம்' என்று எழுதி வைத்தார்கள்.

1869-இல், 'கடைசி ஆண்' என்று சொல்லப்பட்ட வில்லியம் லேன் இறந்தபோது, ஆராய்ச்சி என்ற பெயரில் பிணத்தைச் சிதைத்து மண்டை ஓட்டைத் திருடினார்கள். அதைப் பார்த்துப் பயந்த ட்ருகனினி, தனக்கும் அப்படி ஆகக்கூடாது என்று கெஞ்சினார். ஆனாலும் புதைத்த இரண்டே வருடத்தில் தோண்டியெடுத்தார்கள். 1904 முதல் 1947 வரை அவர் எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நின்றது. 1976-இல்தான் எரியூட்டி, அவர் விரும்பியபடி சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். நூறு வருடம்!

சரி, மற்றவர்கள்? டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணைத் தீவுகளில் சீல் வேட்டைக்காரர்கள் தூக்கிக்கொண்டுபோன பெண்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் வழியில் குடும்பங்கள் தழைத்தன. வைபலென்னாவிலேயே பிறந்த ஃபேனி காக்ரேன் ஸ்மித் பதினொரு பிள்ளைகள் பெற்றவர். 1899-இலும் 1903-இலும் தன் மொழிப் பாட்டுகளை மெழுகு உருளையில் பாடிப் பதிவு செய்திருக்கிறார், ட்ருகனினி இறந்து கால் நூற்றாண்டு கழித்து! ஆனால் அரசாங்கத்துக்கு 'யாரும் இல்லை' என்பதுதான் வசதி. ஆளே இல்லை என்றால் நிலத்தை யார் கேட்பார்கள்? 1912-இல், அந்த நீரிணைத் தீவுகளில் ஒன்றான கேப் பேரன் தீவு மக்களுக்கென்று சட்டம் போட்டபோதுகூட அவர்களைக் கலப்பினத்தார் என்று சொல்லித்தான் போட்டார்கள்.

கேள்வி: மன்னிப்பாவது கேட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கேட்டார்கள். அந்த அருங்காட்சியகமும், ட்ருகனினியின் எலும்பைத் தோண்டியெடுத்த டாஸ்மேனியா ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கமும் 2021-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம், ரிஸ்டன் கோவும் ஆய்ஸ்டர் கோவும் 1995-இலேயே அந்தச் சமூகத்தின் கைக்குத் திரும்பியதுதான். அதுவும் சும்மா கிடைக்கவில்லை, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று பல வருடம் போராடித்தான் வாங்கினார்கள்.