இங்கிலாந்தின் கிராமப்புற நடைபாதைகளை யார் பராமரிக்கிறார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதை என்பது, தனியார் வயல் வழியாகப் போனாலும் யாரும் நடக்கச் சட்டம் உரிமை தரும் வழி. ஆட்கள் நடப்பதால் மட்டும் அது நிலைத்துவிடாது. பெரிய எதிரி மழைநீர். வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பாதையிலேயே ஓடி மண்ணை அரிக்கும். அப்புறம் சேற்றுக்கு ஒதுங்கி நடப்பவர்களால் ஓரங்களும் சிதையும். கூரையில் ஒரு ஓடு நகர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் சுவரே ஊறிப்போகும் இல்லையா, அதுபோல. யாரோ மண்வெட்டியோடு போய் இலைதழையை அள்ளுவதால்தான் நம் கால் நனைவதில்லை.

பொதுவாகப் பாதையின் தளம் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. வாயிற்கதவுகளும் வேலி தாண்டும் படிகளும் நில உரிமையாளருடையவை. விதைப்புக்காக வயல் நடுவே பாதையை உழுதால், அவர் 14 நாளுக்குள் அதைச் சீராக்க வேண்டும்.

பல வருடம் யாரும் நடக்காவிட்டால் உரிமை போய்விடும் என்று நினைப்பது தவறு. சட்டப்படி மூடும்வரை அது அப்படியே இருக்கும்.