ஏலத்துக்குக் கொடுத்த ஓவியம் கலண்டரில் வந்தால்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓவியர். சிறுவர் இல்லம் ஒன்றுக்குப் பணம் சேர்க்க, ஒரு தொண்டு அமைப்பு கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஏலம் நடத்தியது. இரண்டு ஓவியங்களை இலவசமாகக் கொடுத்தேன். ஒன்றரை இலட்சம் பெறுமதியான ஒன்று 40,000 ரூபாவுக்குப் போனது. மற்றதை எவரும் கேட்கவில்லை. எட்டு மாதமாகியும் அது திரும்பி வரவில்லை. இப்போது அதே ஓவியத்தை என் பெயர் இல்லாமல் கலண்டரில் அச்சிட்டு விற்கிறார்கள். கேட்டால், “நீங்கள்தானே மிஸ் நன்கொடையாகத் தந்தீர்கள்” என்கிறார்கள். அடுத்த ஏலத்துக்கும் ஒன்று கேட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்? கொடுத்ததற்கு வரிச்சலுகையாவது உண்டா?

பதில்: முதலில் கலண்டர். அதில்தான் உங்கள் பக்கம் மிகவும் பலமாக இருக்கிறது.

கன்வஸ் வேறு, அதிலுள்ள படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியத்தை வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதியத் தேவையில்லை. அது உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிற்கும். அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றவோ, பயன்படுத்த அனுமதிக்கவோ எழுத்தும் இரு தரப்புக் கையொப்பமும் வேண்டும். ஓவியத்தைத் தூக்கிக் கொடுத்ததால் அச்சிடும் உரிமையும் கூடப் போய்விடாது. ஏலத்தில் 40,000 ரூபா கொடுத்து வாங்கியவருக்கும் இதே கதைதான்: சுவரில் மாட்டலாம், வாழ்த்து அட்டை அடிக்க முடியாது.

“நல்ல காரியத்துக்குத்தானே” என்பார்கள். நல்ல காரியம் அனுமதிப் பத்திரம் ஆகாது. பெயரை விட்டது தனித் தவறு. படைப்போடு தன் பெயர் வரவேண்டும் என்று கேட்கும் உரிமை அதே சட்டத்தின் 10ஆம் பிரிவில் இருக்கிறது. ஏலக் கைநூலில் படம் போட்டதைப் பற்றி மட்டும் நான் சண்டை பிடிக்கமாட்டேன். அதற்காகத்தானே புகைப்படம் அனுப்பியிருப்பீர்கள்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். கலண்டர் பற்றி அவர்கள் வட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் ‘சரி’ என்றோ ஓர் இதயக்குறியோ போட்டிருந்தால் அதை இப்போதே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது. எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டும்போது முழிப்பதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

விற்காத ஓவியம் கொஞ்சம் சிக்கல். அது இப்போது யாருடையது என்பது, கொடுக்கும்போது என்ன பேசினீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது. “இதை உங்கள் அமைப்புக்குத் தருகிறேன்” என்று கொடுத்திருந்தால், அவர்கள் ஏற்றுக் கையில் வாங்கியபோதே சொத்து அவர்களுடையதாகிவிட்டது. நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில், கொடுத்து முடித்த நன்கொடையை மனம் மாறியதற்காகத் திரும்பப் பெறுவது எளிதல்ல. “ஏலத்தில் விடுங்கள், வரும் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்” என்பதுதான் பேச்சாக இருந்தால், விற்கும்வரை ஓவியம் உங்களுடையது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. அழைப்புக் கடிதம், செய்திகள், ஒப்படைத்தபோது தந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

40,000 ரூபா விஷயத்தில் செய்ய ஒன்றுமில்லை. இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று குறைந்தபட்ச விலை சொல்லியிருந்தால் வேறு கதை. கொழும்பு கிறீன் பாத்தில் நடக்கும் கலாபொல என்ற தெருவோர ஓவியச் சந்தையில் பேரம் பேசி நின்றவர்களுக்குத் தெரியும், ஓவியத்தின் விலை அன்று வந்து நிற்பவரின் மனநிலையையும் பொறுத்தது.

வரிச்சலுகையும் கிடைக்காது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், நோயாளரையும் வறியவரையும் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனங்களுக்குப் பணமாகக் கொடுப்பதற்குத்தான் கழிவு தருகிறது. அதுவும் தனிநபருக்கு, வரிவிதிக்கத்தக்க வருமானத்தின் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அது. ஓவியம் பணமல்ல.

உடனே வழக்குக்குப் போக நான் சொல்லமாட்டேன். இந்த வகை வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும்; தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம்தான், ஆனால் செலவு ஓவியத்தின் விலையை விழுங்கிவிடும். முதலில் ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். ஓவியத்தை 14 நாளில் தர வேண்டும், மீதிக் கலண்டர்களில் உங்கள் பெயரை ஒட்ட வேண்டும், மறுபடி அச்சிடக்கூடாது. நன்கொடையாளர்களை நம்பி ஓடும் அமைப்புகள் இப்படிப்பட்ட கடிதத்தை வாசித்ததும் பெரும்பாலும் தொலைபேசியில் அழைத்துவிடும்.

அடுத்த ஏலத்துக்குக் கொடுப்பதானால் ஒரு பக்கக் கடிதத்தில் இப்படி எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்: “இந்த ஓவியம் ஏலத்துக்கு மட்டும். இன்ன தொகைக்குக் குறைந்து விற்கக்கூடாது. விற்காவிட்டால் 14 நாளில் திருப்பித் தரப்படும். ஏலக் கைநூல் தவிர வேறெதிலும் என் எழுத்து அனுமதியின்றி அச்சிடக்கூடாது. எங்கு வந்தாலும் என் பெயர் இருக்கும்.” ஆனால் பழைய ஓவியம் வீடு வந்து சேரும்வரை புதியதைக் கொடுக்காதீர்கள்.