சைக்கிள் பயிற்சிக்குப் பவர் மீட்டர் அவசியமா, இதயத் துடிப்பைப் பார்த்தால் போதாதா?

கேட்டவர் தம் வயது 38 என்றும், இன்னும் இரண்டு மாதத்தில் முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (பந்தயம் அல்ல, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு ஓட்டம்) ஓட்டப் போவதாகவும், நெஞ்சில் கட்டும் துடிப்புப் பட்டை கையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். உடன் ஓட்டுபவர்கள், "துடிப்பெல்லாம் பழைய கதை, பவர் மீட்டர் இல்லாமல் பயிற்சியே இல்லை" என்கிறார்களாம். மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும் அந்தக் கருவியை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அதை வாங்கி இன்றும் அதை வைத்து ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால், வாங்கிவிட்ட திமிரில் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றும் என்பது தெரியும். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன். நான் பயிற்றுநரும் இல்லை, மருத்துவரும் இல்லை. விடுமுறை நாட்களில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஓட்டித் திரும்பும் அலுவலக ஊழியன்.

பட்டை வாங்கியபோது எனக்கு 42 வயது. அதனோடு வந்த செயலி 220-இலிருந்து வயதைக் கழித்து, என் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 178 என்று தானே குறித்துக்கொண்டது. அதில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல், அதாவது 124-க்குள், நெடுநேரம் ஓட்டினால்தான் தாங்குதிறன் வளரும் என்று எங்கோ படித்திருந்தேன். 125 ஆனதும் கடிகாரம் கீச்சிடும், நான் மிதிப்பதைத் தளர்த்துவேன். முட்டுக்காட்டுப் பாலத்தின் சிறிய மேட்டில்கூடக் கீச்சிடும். எங்கள் குழுவில் ஓட்டும் தம்பி ஒருவன் ஒருநாள் என்னைக் கடந்து போகும்போது, "அண்ணா, உங்க வாட்ச் பர்மிஷன் குடுத்ததும் வாங்க, நாங்க கோவளம் டீக்கடையில இருக்கோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் கோவளம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இரண்டாவது டீயையும் முடித்திருந்தார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் கடும் பயிற்சியும் இருந்தது. உச்சத்தில் 85 முதல் 90 விழுக்காடு என்ற கணக்கில் 155-ஐப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வீதம் மூன்று முறை ஓட்டுவேன். அந்த வேகத்தில் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தது. அதை நான் தேர்ச்சி பெற்றுவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின.

பிறகு ஒரு ஜனவரி மாதம் குழுவோடு ஏலகிரிக்குப் போனோம். மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். அன்று கடிகாரத்தின் ஒலியை அணைத்துவிட்டு, டீக்கடைத் தம்பியின் பின் சக்கரத்தை விடுவதில்லை என்று ஏறினேன். கடைசி வளைவுகளில் பலகையில் இருப்பது புலவர் பெயரா வள்ளல் பெயரா என்று வாசிக்கும் நிலையில்கூட நான் இல்லை. மேலே போய் நின்று பார்த்தால் திரையில் 192. பட்டைதான் பழுதாகியிருக்கும் என்று கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன், 47 துடிப்பு. நின்ற பிறகும் நிமிடத்துக்கு 188! அப்போது எனக்கு 44 வயது. சூத்திரப்படி என் உச்சம் 176.

அந்தச் சூத்திரம் பிறந்த விதத்தைப் பிறகுதான் படித்தேன். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இதய நோய்த் தடுப்பு குறித்து எழுதும்போது, ஏற்கெனவே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் எண்களை ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, அவற்றின் ஊடே ஏறத்தாழப் பொருந்துகிற ஒரு கோட்டை இழுத்தார்கள். பந்தயப் பயிற்சிக்காக அது உருவாக்கப்படவே இல்லை. 2001-இல் டனாகாவும் உடன் ஆய்வாளர்களும் பெரிய அளவில் ஆராய்ந்து, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கலாம் என்றார்கள். 42 வயதுக்கு அதுவும் ஏறக்குறைய 179 என்றுதான் தருகிறது. சராசரிக்குக் கோடு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே வயதுள்ள மனிதர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது மிக இயல்பு, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். நான் அந்தச் சிலரில் ஒருவன் என்பதை எந்தச் செயலியும் எனக்குச் சொல்லவில்லை.

கோபத்தில்தான் பவர் மீட்டர் வாங்கினேன். இடது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் உலோகக் கையில், ஒட்டியிருக்கும் சிறிய பெட்டி அது. மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவால் உள்ளே ஒட்டப்பட்ட மெல்லிய உலோகப் பட்டையின் மின்தடை மாறுகிறது. அதிலிருந்து முறுக்குவிசையைக் கணக்கிட்டு, சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கிறது. உல்ரிச் ஷோபெரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1986-இல் தொடங்கிய தொழில்நுட்பம்தான், இன்று சிறுத்து மலிந்திருக்கிறது. 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டியதில் சராசரி 196 வாட் வந்தது. அதில் 95 விழுக்காடு, 186 வாட், எனக்கான எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச அளவு. இந்த அளவுகோலை வைத்துப் பழைய துடிப்பு எண்களில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 124 துடிப்பில் நான் மிதித்தது 95 வாட். அது களைப்பாறும் நாளில் மிதிக்க வேண்டிய அளவு. 155-இல் மிதித்தது 150 வாட். கடும் பயிற்சி என்று நம்பியது நடுத்தரத்தைத் தாண்டவே இல்லை.

பவர் மீட்டர் என் கண்ணைத் திறந்தது என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம். ஆனால் உண்மையில் என் கண்ணைத் திறந்தது ஏலகிரி. செயலியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 176-ஐ அழித்துவிட்டு 192 என்று அடித்திருந்தால் எளிது, நடுத்தரம், கடுமை என்று துடிப்பைப் பிரிக்கும் மண்டலங்கள் எல்லாம் தாமாகவே இடம் மாறியிருக்கும், காசும் மிச்சமாகியிருக்கும். நான் அதைச் செய்யாமல் கடைக்குப் போனேன்.

வாட் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் மலை போதும். நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 82 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் 82, 9.8, 100 ஆகியவற்றைப் பெருக்க, 80,360 ஜூல். அதை எட்டு நிமிடத்தில், அதாவது 480 விநாடியில், முடித்தால் 167 வாட். டயர் உருளும் தடைக்கும் காற்றுக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். துல்லியம் இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் காற்றின் பங்கு சிறியது, ஒரே ஏற்றத்தை மாதம் ஒருமுறை ஏறி ஒப்பிட இந்தத் துல்லியம் தாராளம்.

இனி, அந்தப் பெட்டியை முழுதாக நம்பிப் பட்ட பாடு. வாங்கிய புதிதில் துடிப்பைத் திரையிலிருந்தே நீக்கிவிட்டேன். பட்டை கட்டியிருப்பேன், பதிவாகும், பார்க்க மாட்டேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஐந்து மணிக்குக் கிளம்பி 130 வாட்டைப் பிடித்துக்கொண்டு மாமல்லபுரம் போய், இட்லி சாப்பிட்டு, தாமதமாகத் திரும்பினேன். திரும்பும்போதும் 130 வாட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமை வேறு. வீட்டில் வந்து பதிவைப் பார்த்தபோது, போகும்போது 134 ஆக இருந்த துடிப்பு, வரும்போது அதே வாட்டுக்கு 158 ஆகியிருந்தது. கால் செய்த வேலை ஒன்றுதான். ஆனால் வியர்வையாக நீர் போய் இரத்தத்தின் அளவு குறைகிறது, இருப்பதிலும் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு சுருங்குகிறது. அதை ஈடுகட்ட அது அதிகமுறை துடிக்கிறது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டுவதால் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது என்று பயிற்றுநர்கள் சொல்லும் இந்த ஏற்றம் எனக்கு அன்று 18 விழுக்காடு.

அதையும் பொருட்படுத்தவில்லை. செவ்வாயும் வியாழனும் அட்டவணைப்படி வாட்டை முடித்தேன். படுக்கையிலிருந்து எழும்போது 54 இருக்கும் துடிப்பு 66 ஆக இருந்தது, எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்தன, அடுத்த ஞாயிறு காய்ச்சலில் படுத்தேன். மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. ஏப்ரல் வெயிலில் 130 வாட்டும் ஜனவரிக் குளிரில் 130 வாட்டும் அந்தப் பெட்டிக்கு ஒன்றுதான். கிறிஸ் ஃப்ரூம் திரையைப் பார்த்தபடியே மலையேறி டூர் டி பிரான்ஸை நான்கு முறை வென்றாரே என்று கேட்பவர்களுக்கு: அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க அணியின் கார் பின்னால் வந்தது, எனக்கு வந்தது மாநகரப் பேருந்து.

பெட்டிக்கும் தனக்கென்று குறைகள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அளக்கும் மலிவான வகை, இடது காலின் எண்ணை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. பழைய முழங்கால் அடியால் என் இடது கால் சற்றே சோம்பல். நண்பர் வீட்டு இரு பக்கக் கருவியில் ஓட்டிப் பார்த்தபோது அது 46 விழுக்காடு வேலையே செய்தது. அப்படியானால் நான் 200 வாட் மிதித்தால் என் பெட்டி 184 என்று காட்டும். ஏசி அறையில் நிறுத்திய சைக்கிளை வெளியே எடுத்ததும் சுழியத்தை (மிதிக்காதபோது பெட்டி காட்ட வேண்டிய பூஜ்யத்தை) சரிசெய்தால், உலோகம் சூடாகச் சூடாக எண் நகரும். பத்து நிமிடம் வெளியே வைத்த பிறகு செய்ய வேண்டும். முதல் நவம்பர் மழையிலேயே பேட்டரி மூடிக்குள் நீர் புகுந்து என்னுடையது நின்றுபோனது. விற்கும்போது மழைக்கு ஒன்றும் ஆகாது என்ற கடைக்காரர், நீர் புகுந்தால் வாரண்டி இல்லை என்றார். மழைக்கு ஆகாதது என்று முன்பே சொல்லியிருந்தால் மழையில் ஓட்டியிருக்க மாட்டேனே என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. துடிப்புப் பட்டையில் எனக்கு இருந்த ஒரே தொல்லை, மின்முனைகள் உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் கண்டபடி காட்டும் என்பது. கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்தால் தீர்ந்தது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று சீறிப் பாயும் பயிற்சிகளுக்குத் துடிப்பு உதவாது. அது மேலே ஏறி வருவதற்குள் பயிற்சியே முடிந்திருக்கும். ஏற்றத்தின் முதல் வளைவில் உற்சாகத்தில் 280 வாட் மிதிப்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பதும் பவர் மீட்டர்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் இதயத்துக்கு இன்னும் செய்தி போயிருக்காது. பந்தயம் ஓட்டுகிறவர், வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர் வாங்கட்டும். நான் இப்போது குறுகிய பயிற்சிகளுக்கு வாட்டைப் பார்க்கிறேன், இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் துடிப்பைப் பார்க்கிறேன்.

உங்களுக்கு இருப்பது இரண்டு மாதமும் ஒரு 200-உம். முதலில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, முழு மூச்சாக ஓட்டுவதில் தடையில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில் உங்கள் உண்மையான உச்சத்தைக் கண்டுபிடித்துச் செயலியில் கையால் எழுதுங்கள். பிஆர்எம் அன்று காலை முதல் மூன்று மணி நேரம் அந்த உச்சத்தில் 75 விழுக்காட்டைத் தாண்டாதீர்கள், யார் கடந்து போனாலும். பத்து மணிக்கு மேல் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறத் தொடங்கினால் மோர் விற்கும் இடத்தில் நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அது இறங்கும் வரை நிழலில் உட்காருங்கள். 200 கிலோமீட்டருக்குக் கொடுப்பது 13 மணி 30 நிமிடம். அரை மணி நேரம் உட்கார்ந்தே போனாலும் மணிக்கு 15.4 கிலோமீட்டர் சராசரி போதும்.