புள்ளியைக் கிட்டத்தில் காட்டுங்கள்
சிறுதொழில் கேள்வி – பதில்

இணையத்தில் தங்கள் பெயரை நிலைநிறுத்துவது பற்றி மதுரை வட்டாரத்துச் சிறுதொழில்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். எட்டு மாதமாக இன்ஸ்டாகிராமில் காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, நடுவில் ஒரு சேலைப் படம் என்று தினமும் போடுகிறேன். 600 பேர் பின்தொடர்கிறார்கள். மாதம் நாலு சேலை போனால் அதிகம். என் பெயர் எப்படி வெளியே தெரியும்? – வாசகி, வில்லாபுரம்

ப: வாழ்த்துப் படங்களை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. அதே படத்தை அதே நாளில் ஊரே போடுகிறது. யார் போட்டது என்று ஒருவருக்கும் மனதில் நிற்காது.

உங்கள் கையில் இருப்பது 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனால் துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் கைக்கட்டுச் சுங்குடிக்கும் புள்ளியை அச்சடிக்கும் அச்சுச் சுங்குடிக்கும் வித்தியாசம் மதுரைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தருபவராக உங்கள் பெயர் பதியட்டும். முடிச்சைப் பிரிக்கப் பிரிக்கச் சுருங்கிக் கிடந்த துணி விரிந்து வெள்ளைப் புள்ளிகள் வெளிவருகிற அந்தப் பதினைந்து விநாடியைப் படமெடுங்கள். அடுத்த நாள் ஒரே ஒரு புள்ளியைக் கிட்டத்தில் காட்டுங்கள். கைக்கட்டில் புள்ளியின் ஓரம் நேராக இருக்காது, சாயம் லேசாகக் கசிந்திருக்கும். விரலால் தடவினால் துணியில் சின்ன மேடு தட்டும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக, தட்டையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அச்சுச் சேலையும் நல்ல சேலைதான், விலையும் குறைவு. அதை அச்சு என்றே சொல்லி விற்றால் நீங்கள் கைக்கட்டு என்று சொல்லும்போது நம்புவார்கள்.

படம் எடுக்கும்போது நடக்கும் பெரிய தப்பு நிறம் மாறுவது. அரக்குச் சேலை திரை முழுக்க வந்தால் போன் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிக்கட்டப் பார்க்கும். அதனால் அரக்கு சிவப்பாகிவிடும். வாங்கியவர் "படத்தில் பார்த்த கலர் இல்லையே" என்று திருப்பி அனுப்புவார். காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில் வைத்து எடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்தப் போனும் குழம்பும். சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். அதற்கு முன் லென்ஸைத் துடைக்க மறக்க வேண்டாம், சமையல் கை பட்ட லென்ஸில் எல்லாமே மங்கல்தான்.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். பிசினஸ் கணக்குக்குப் பெரும்பாலான பாட்டுகள் கிடைக்காது, வேறு வழியில் சேர்த்தால் ஒலியை நிறுத்திவிடுவார்கள். உங்கள் குரலிலேயே பேசுங்கள்.

இன்ஸ்டாகிராமில் சுயவிவரத்துக்கு 150 எழுத்துதான் இடம். தமிழில் எழுதினால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'சுங்குடி' என்ற ஒரு சொல்லுக்கே எட்டு போய்விடும். அதனால் என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எப்படி ஆர்டர் கொடுப்பது என்ற மூன்றும் போதும். அதற்கு மேலே பெயர் போடும் இடத்தில் உங்கள் பெயரோடு 'மதுரை சுங்குடி' என்று சேர்த்துவிடுங்கள், தேடுகிறவர்களுக்கு அகப்படும். 14 நாளுக்குள் இரண்டு முறைதான் அதை மாற்றலாம், யோசித்து எழுதுங்கள்.

விலையை மறைக்காதீர்கள். 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று பார்த்ததுமே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். விலை, நீளம், ரவிக்கைத் துணி சேர்ந்ததா, கைக்கட்டா அச்சா, முதல் சலவையில் சாயம் போகுமா என்ற ஐந்தும் ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கட்டும். சாயம் போகும் என்றால் போகும் என்றே எழுதி, முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசச் சொல்லுங்கள்.

வாங்கியவர்களைக் கைவிடாதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போகும். புதுச் சரக்கு போட்டும் பதிலே இல்லை என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு பார்சலிலும் "இந்த எண்ணை இந்தப் பெயரில் பதிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்.

கே: என் பலகாரக் கடையின் இன்ஸ்டாகிராம், கூகுள் மேப் இரண்டையும் கடையில் வேலை பார்த்த தம்பிதான் தன் மெயிலில் ஆரம்பித்துக் கொடுத்தார். இப்போது திருப்பூர் போய்விட்டார். கேட்டால் தருவார், ஆனால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. – வாசகர், உசிலம்பட்டி

ப: அவர் நல்லபடியாகப் பேசும்போதே இந்த வாரமே முடித்துவிடுங்கள். பெயர் உங்களுடையது, சாவி அவரிடம் என்ற நிலை நீடிக்கக் கூடாது.

முதலில் கடைக்கென்று தனி மெயிலும் தனி சிம்மும் எடுங்கள். சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. நெடுநாள் சும்மா கிடக்கும் எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். இன்ஸ்டாகிராமில் இந்த மெயிலையும் எண்ணையும் சேர்த்து, பழையதை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, மற்ற போன்களிலிருந்து கணக்கை வெளியேற்றுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். புதியதைச் சேர்க்காமல் பழையதை நீக்கினால் நீங்களே வெளியே நிற்பீர்கள். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டதும் கிடைக்கும் மீட்பு எண்களைத் தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கூகுளில் அவர் முதலில் உங்களை உரிமையாளராகச் சேர்க்க வேண்டும். முதன்மை உரிமை உங்களுக்கு மாற ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை அவரை நீக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: 'காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு முடங்கும்' என்று லிங்கோடு மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். கடைக் கணக்குகள் பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான். பணமும் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கே: முகம் காட்டாமல் பெயர் எடுக்க முடியுமா? வீட்டில் விருப்பமில்லை. – வாசகி, மேலூர்

ப: தாராளமாக முடியும். கையும் குரலும் போதும். ஒரே வளையல், ஒரே மனைப்பலகை, ஒரே இடத்து வெளிச்சம் என்று மாறாமல் வைத்தால் பத்துப் படத்தில் அந்தக் கையை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கே: திருமங்கலத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். கூகுளில் கடைப் பெயரை 'மதுரை நம்பர் 1 லேடீஸ் டெய்லர்' என்று மாற்றியதும் முடக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு முகூர்த்தத்துக்கு ரவிக்கை தாமதமானதால் ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டிருக்கிறார். பத்துப் பேரிடம் சொல்லி ஐந்து ஸ்டார் போட வைக்கலாமா? – வாசகர்

ப: போர்டில் என்ன பெயரோ அதுதான் கூகுளிலும் இருக்க வேண்டும், அதற்கு மேல் சேர்த்த சொல்தான் முடக்கத்துக்குக் காரணம். பெயரைத் திருத்திவிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். கடை உண்மைதானா என்று பார்க்க கூகுள் வீடியோ கேட்டால் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: தெருவும் பக்கத்துக் கடையும், உங்கள் போர்டு, சாவி போட்டுக் கதவைத் திறப்பது, உள்ளே மிஷின். வெட்டி ஒட்டிய வீடியோ செல்லாது.

பத்துப் பேரை ஏற்பாடு செய்வது வேண்டவே வேண்டாம். விமர்சனத்துக்குத் தள்ளுபடி கொடுப்பதும் கூகுள் விதிக்கு விரோதம். ஒரே நாளில் வரும் பத்துப் பாராட்டு படிக்கிறவர் கண்ணுக்கே பொய்யாகத் தெரியும். அந்த ஒற்றை ஸ்டாருக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: "அக்கா, முகூர்த்தத்துக்கு முன்னால் தர முடியாமல் போனது எங்கள் தவறு. இப்போது முகூர்த்த ரவிக்கைகளைத் தேதிக்கு ஐந்து நாள் முன்பே முடிக்கிறோம். கடைக்கு வாருங்கள், தையல் கூலியைத் திருப்பித் தருகிறோம்." எழுதியபடி நடக்கவும் வேண்டும். அவர் எண்ணையோ அளவையோ அங்கே குறிப்பிடாதீர்கள். அந்தப் பதிலை அவரைவிட அடுத்து வரப்போகும் நூறு பேர்தான் படிக்கிறார்கள்.

கே: விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறோம். நவராத்திரி முடிந்தால் பக்கமே தூங்கிவிடுகிறது. – வாசகர்

ப: விற்பனைதான் நவராத்திரிக்கு, வேலை வருஷம் முழுக்க நடக்கிறதே. களிமண் பிசைவது, அச்சின் இரண்டு பாதியைச் சேர்ப்பது, வெயிலில் வைத்தால் விரிசல் விடும் என்று நிழலில் காயவைப்பது, கடைசியில் கண் எழுதுவது. கண் எழுதும் ஒரு நிமிஷத்தை வெட்டாமல் போடுங்கள். ஆடியிலேயே ஆர்டர் திறந்து, எந்தத் தேதியோடு முடியும் என்று அறிவித்து, அந்தத் தேதியில் நிஜமாகவே மூடுங்கள். கிறிஸ்துமஸ் குடில் செட் செய்தால் நவராத்திரி முடிந்த கையோடு அதைக் காட்டத் தொடங்கலாம்.

வெளியூருக்கு அனுப்பும்போது உடைவது கழுத்தும் விரலும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் வைக்கோலோ கசக்கிய தாளோ அடையுங்கள். ஒட்டிய பின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள்.

கே: எங்கள் பொடிக்கு 'அம்மா கைமணம்' என்று பெயர். டிரேட்மார்க் எடுக்கலாமா? – வாசகி, வாடிப்பட்டி

ப: போர்டு, பை அடிக்கும் முன்பே டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். இந்த மாதிரிப் பெயரை ஏற்கெனவே பலர் வைத்திருப்பார்கள். உங்கள் ஊர்ப் பெயரோ வீட்டுப் பெயரோ சேர்ந்த, வேறு யாரும் வைக்காத பெயர் என்றால் வலு அதிகம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய். மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. இரண்டும் விற்றால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். உங்கள் விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியானபின் நான்கு மாதம் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' பதிவான பிறகுதான், முன்பே போட்டால் சட்டப்படி குற்றம்.