செல் இல்லாத வாட்ச், தினமும் கட்டலாமா?

கேள்வி (மதுரை வாசகர்): சார், வேலைக்கு சேந்து பத்து வருஷம் ஆச்சு. 80 ஆயிரம் வரைக்கும் சேத்து வெச்சிருக்கேன், நல்ல ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒண்ணு வாங்கி தினமும் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. பைக்லதான் ஆபீஸ் போறேன், கை நல்லா வேர்க்கும். கடையில சுவிஸ் எடுங்கன்றாங்க, ஃப்ரெண்டு ஜப்பான் சீக்கோ போதும்ங்கறான். எது எடுக்கட்டும்?

பதில்: டைம் கரெக்டா இருக்கும்னு நெனச்சு மட்டும் வாங்கிடாதீங்க. சாதாரண செல் வாட்ச்சே மாசத்துக்கு 15, 20 செகண்டுதான் முன்னப்பின்ன போகும், ஆனா இப்போ வர்ற சீக்கோ 5-ல இருக்கற 4ஆர்36 மெஷினுக்கு கம்பெனியே குடுத்திருக்கற கணக்கு ஒரே நாளைக்கு 45 செகண்ட் ஃபாஸ்ட், இல்ல 35 செகண்ட் ஸ்லோ, அதுவரைக்கும் போகலாம்னு. சுவிஸ்ல சி.ஓ.எஸ்.சி.ன்னு ஒரு அமைப்பு 15 நாள் அஞ்சு விதமா படுக்கவெச்சு நிக்கவெச்சு டெஸ்ட் பண்ணிதான் சர்டிஃபிகேட் தர்றாங்க, அங்கயே சராசரியா நாளைக்கு 4 செகண்ட் ஸ்லோ, 6 செகண்ட் ஃபாஸ்ட் வரைக்கும் பாஸ்தான். நீங்க கை வீசி நடக்கறதுலயே உள்ள இருக்கற ஸ்பிரிங் சுத்திக்கிட்டு செகண்டுக்கு ஆறு தடவ டிக் டிக்னு ஓடுது பாருங்க, அந்த சந்தோஷத்துக்குத்தான் இதை வாங்கறது.

சுவிஸ்ஸா ஜப்பானாங்கறத விட, ரிப்பேர்னு வந்தா உங்க ஊர்ல யாரு கழட்டுவாங்கன்னு பாருங்க. சுவிஸ்ல உங்க பட்ஜெட்ட ஒட்டி டிஸ்ஸோ கம்பெனியோட பவர்மேட்டிக் 80 மாடல்ங்க வரும், அழகு, சஃபையர் கண்ணாடி, சனிக்கிழமை கழட்டி வெச்சா திங்கக்கிழமையும் ஓடிட்டிருக்கும், ஏன்னா 80 மணி நேரம் தாங்கும். ஆனா அந்த மெஷின்ல ஃபாஸ்ட் ஸ்லோ அட்ஜஸ்ட் பண்ற சாதாரண லிவர் கெடையாது, அதனால பஜார்ல உக்காந்திருக்கற நம்ம வாட்ச் ரிப்பேர்காரர் கை வெக்க யோசிப்பாரு, சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்பணும். 4ஆர்36 அப்படி இல்ல, அதே மெஷினத்தான் என்எச்36ன்னு மத்த கம்பெனிகளுக்கும் விக்கறாங்க, முழு மெஷினே தனியா கெடைக்கும், பழக்கப்பட்ட கை எங்கயும் இருக்கும். அது தாங்கறது 41 மணி நேரம்தான், கண்ணாடியும் சஃபையர் இல்ல, கீறல் விழும். இருந்தாலும் பைக், வேர்வை, தினமும்னு நீங்க சொல்றதுக்கு என் ஓட்டு சீக்கோ 5-க்குத்தான், மிச்ச காச சர்வீஸுக்கு வெச்சுக்கோங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எண்ணெய் மாத்தணும்.

30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்தா கை கழுவலாம்னுதான் அர்த்தம், 100 மீட்டர் பாத்து எடுங்க. மதுரை வெயில்ல தோல் வார் நாலு மாசத்துல நாறிடும், ஸ்டீல் செயின்தான் சரி. பைக் குலுக்கலுக்கு பயப்பட வேணாம், ட்ரில்லிங் மெஷின் புடிக்கும்போது மட்டும் கழட்டிடுங்க.

இன்னொண்ணு, காந்தம். என் வாட்ச் ஒரு தடவ திடீர்னு நாளைக்கு நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓட ஆரம்பிச்சுது, மெஷினே போச்சுன்னு பதறிட்டேன். ரிப்பேர்காரர் பின் மூடிய கழட்டி லென்ஸ என் கண்ணுல வெச்சு பாக்க சொன்னாரு. முடி மாதிரி இருக்கற ஹேர் ஸ்பிரிங்ல ரெண்டு மூணு சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு துடிச்சிட்டிருந்துது. சின்ன நீலப் பொட்டி ஒண்ணு, அதுமேல வெச்சு பட்டன அமுக்கிக்கிட்டே மெதுவா தூக்கினாரு, அவ்வளவுதான், சுத்துங்கள்லாம் பிரிஞ்சு அழகா மூச்சு விட ஆரம்பிச்சுடுச்சு. ராத்திரி ஸ்பீக்கர் மேல கழட்டி வெச்சதோட வேலை அது. ஸ்பீக்கர், காந்தம் வெச்ச பை, ஃபோன் கவர் பக்கம் வெக்காதீங்க.

கேள்வி (கோவை வாசகி): அப்பாவோட எச்எம்டி ஜனதா பீரோல கெடக்கு. அத நான் தினமும் கட்டலாமா?

பதில்: தாராளமா கட்டுங்கம்மா, இந்த கேள்விய பாத்ததுமே மனசு நெறஞ்சுடுச்சு. ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து எச்எம்டி 1961-ல பெங்களூர்ல ஆரம்பிச்ச வாட்ச் வேலை, 2016-ல அரசாங்கமே மூட முடிவு பண்ணிடுச்சு, ஆனா ஜனதால இருக்கற அந்த 17 ஜுவல் (தேயாம இருக்க உள்ள வெக்கற சின்னக் கல்லு) மெஷின் இன்னும் லேசுல சாகாது. முதல்ல கழட்டி கழுவி எண்ணெய் போடுங்க, எண்ணெய் காஞ்ச வாட்ச்ச சாவி குடுத்து ஓட்டிப் பாத்தீங்கன்னா உள்ள இருக்கற பார்ட்ஸ் தேயும். எங்கப்பா தினமும் காலைல காபி குடிச்சதும் சாவி குடுக்கற திருகாணிய பெருவிரலால உருட்டுவாரு, எங்க இறுகுதோ அங்க டக்குனு நிறுத்திடுவாரு. நீங்களும் அப்படியே பண்ணுங்க. மழைல நனைய விடாதீங்க. டயல் மங்கிப் போயிருந்தா புது பெயிண்ட் அடிக்க மட்டும் குடுத்துடாதீங்க, ஆன்லைன்ல பளபளன்னு கலர் கலரா விக்கற பழைய எச்எம்டி முக்காவாசி அப்படி பெயிண்ட் அடிச்சு, நாலு வாட்ச் பார்ட்ஸ ஒண்ணா சேத்ததுதான். உங்க அப்பா பாத்த டயல் அது, அப்படியே இருக்கட்டும்.

கேள்வி (திருச்சி வாசகர்): ராத்திரி தேதி மாத்தினேன், தேதி சிக்கிக்கிச்சு. ஏன்?

பதில்: ராத்திரி 9லேர்ந்து விடியக்காலை 4 வரைக்கும் தேதிய தள்ற பல்லு ஏற்கனவே மாட்டிக்கிட்டு இருக்கும், அப்ப நீங்களும் திருகினா பல்லு உடையும். இப்ப எதையும் திருகாம ரிப்பேர்காரர்கிட்ட காட்டுங்க. இனிமே மாத்தும்போது முள்ள 6 மணிக்கு கொண்டு வந்து, தேதிய மாத்திட்டு, அப்பறம் டைம் வைங்க.