ஒரு ‘ங்க’ உதிரும் இடம்

அன்புள்ள அக்கா,

நான் ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 49. இரண்டு வருடமாகக் கொரிய, சீனக் காதல் தொடர்கள்தான் பார்க்கிறேன். “எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு, எப்படித்தான் அடையாளம் தெரியுதோ” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ மூன்று தடவை பார்த்துவிட்டேன். என் கருத்தில் கொரியத் தொடர்கள்தான் கச்சிதம். சீனத் தொடர்களை ஐம்பது, அறுபது எபிசோடு இழுக்கிறார்கள். ஆனால் கொரியத் தொடரிலும் எட்டாவது எபிசோடு வரை கையைக்கூடப் பிடிப்பதில்லை! அதனால் டப்பிங் இருந்தால் ஆங்கில டப்பிங்கில், இல்லாவிட்டால் சப்டைட்டிலை மேலோட்டமாகப் பார்த்தபடி, 1.5 வேகத்தில் ஓடவிட்டுச் சமைத்துக்கொண்டே பார்க்கிறேன். இன்னொன்று, அம்மா, அப்பா என்று அவர்களும் நம்மைப் போலவே சொல்கிறார்களே, தமிழிலிருந்து போனதுதானே? கடைசியாக ஒரு கேள்வி. கல்லூரியில் படிக்கும் என் மகளும் கூட உட்கார்ந்து பார்க்கிறாள். இப்படிப்பட்ட ஆண்களைப் பார்த்துப் பழகினால், நாளைக்கு நிஜத்தில் எந்தப் பையனையும் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. என் வயதும் உங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் முதல் வரியிலேயே ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையே இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கொரியாவா சீனாவா என்ற போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. கொரியாவில் வாரம் இரண்டு எபிசோடு வீதம் எட்டு வாரம், மொத்தம் பதினாறு என்பது பழகிப்போன அளவு. கதையை அந்த அளவுக்கு வெட்டித் தைக்கிறார்கள். சீனாவில் 2017இல் வந்த ‘எட்டர்னல் லவ்’ 58 எபிசோடு. இப்படி நீண்டுகொண்டே போனதால்தான் 40க்கு மேல் போகவேண்டாம் என்று 2020இல் அந்த அரசே சொன்னது. அவ்வளவுதான்.

அம்மா, அப்பா விஷயம் வேண்டாம் தாயே, விட்டுவிடுங்கள். பல் முளைக்காத குழந்தைக்கு உதட்டில் எளிதாக வருவது ம, ப இரண்டும்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ மொழிகளில் பெற்றோரைக் கூப்பிடும் சொற்கள் அந்த ஒலிகளில் இருக்கின்றன. நான்கு சொல் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு நாட்டையே நம் மொழிக்குப் பேரப்பிள்ளை ஆக்குவது, அவர்களுக்கும் மரியாதை இல்லை, தமிழுக்கும் மரியாதை இல்லை. நமக்கும் கொரியர்களுக்கும் உண்மையாகவே ஒத்துப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதை 1.5 வேகத்தில் ஓடவிட்டு நீங்கள் கேட்காமலே விட்டுவிட்டீர்கள். என் கோபம் அங்கேதான்.

கொரிய மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘கோமவொயோ’ என்றால் நன்றிங்க. ‘கோமவொ’ என்றால் வெறும் நன்றி, தோழியிடமோ தம்பியிடமோ சொல்வது. ‘சரங்ஹேயோ’வுக்கும் ‘சரங்ஹே’வுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘ஐ லவ் யூ’தான். அந்த ‘யோ’தான் நம்முடைய ‘ங்க’. உங்கள் ஊரில் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலும் ‘ஒண்ணு குடுங்க’, வேண்டாம் என்றாலும் ‘இல்லீங்க’. அந்த மண்ணில் பிறந்த உங்களுக்கா ‘யோ’ காதில் விழவில்லை? ஆங்கிலேயனுக்குக் கேட்காது, அவனிடம் இருப்பது ஒரே ‘யூ’. உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

எட்டு எபிசோடு வரை கையைப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். கையைப் பிடிக்காத அந்த எட்டு எபிசோடிலும் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பதவிப் பெயர். அப்புறம் பெயரோடு ‘ஷி’ சேர்த்து, நாம் ‘அவர்கள்’ போடுவதைவிடக் கொஞ்சம் இலகுவாக. எந்த வருடம் பிறந்தவர் என்ற விசாரணையும் நடுவில் வரும். நமக்கு அது அநாகரிகமாகத் தோன்றும். அங்கே வயது தெரியாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. பிறகு ஒருநாள் இருவரில் ஒருவர், பெரும்பாலும் கண்ணைப் பார்க்காமல், ‘பேச்சைக் கீழே வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்பார். கொரிய மொழியில் அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தனை நாள் கையில் ஏந்திக்கொண்டிருந்த பாத்திரத்தைத் தரையில் இறக்குவது மாதிரி. அதற்குப் பிறகு ‘யோ’ உதிர்ந்துவிடும். அப்படிப் பேசுவதற்குப் பன்மல் என்று பெயர். அந்த ஒரு நிமிடத்துக்காக எழுத்தாளர் ஏழெட்டு மணி நேரக் கதை கட்டியிருக்கிறார். நீங்கள் அந்த நேரத்தில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தீர்கள்.

அது திரும்பியும் வரும். சண்டை வந்த மறுநாள் காலை, அதுவரை உரிமையோடு பேசியவள் திடீரென்று ‘யோ’ போட்டுப் பேசுவாள். கதவை அறைந்து சாத்துவதைவிடப் பெரிய அடி அது. இதையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோபத்தில் பிள்ளையிடம் ‘வாங்க சார், சாப்பிடுங்க’ என்று சொல்லாத அம்மா நம் ஊரில் உண்டா?

நீங்கள் மூன்று தடவை பார்த்த ‘கிராஷ் லேண்டிங்’கையே எடுத்துக்கொள்வோம். யூன் செரி சியோல்காரி, பணக்காரி. புயலில் பாராகிளைடர் தூக்கி எறிந்து எல்லைக்கு அந்தப்பக்கம் மரத்தில் தொங்குகிறாள். கீழே வடகொரிய ராணுவ அதிகாரி ரி ஜொங்ஹ்யொக். இது உங்களுக்கும் தெரியும். அவன் பெயரைக் கவனித்தீர்களா? அந்தக் குடும்பப் பெயர் தெற்கிலும் உண்டு, ஆனால் சொல்லின் முதலில் வரும் ‘ர’ அங்கே உதிர்ந்துபோய் ‘ஈ’ என்று மட்டும்தான் சொல்வார்கள். நாம் ‘லீ’ என்று ஆங்கிலம் வழியாக அறிந்த பெயர் அது. வடக்கில் அந்த ‘ர’வை விடாமல் ‘ரி’ என்கிறார்கள். செரி அவனை ‘ரி ஜொங்ஹ்யொக் ஷி’ என்று கூப்பிடுகிறாள். சியோலில் வளர்ந்த நாக்கு, அவன் ஊர் சொல்கிறபடியே அவன் பெயரைச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும். எழுபது ஆண்டாக வேலி போட்டுப் பிரித்த நாடு அது. வேலிக்கு இந்தப்பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தப்பக்கத்து எழுத்தை உதிர்க்காமல் வைத்துக்கொள்கிறாள். பூங்கொத்து எல்லாம் எதற்கு? அந்த எழுத்துக் குழுவில் வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவரும் இருந்தார். கிராமத்துப் பெண்கள் பேசும் பேச்சில் அவ்வளவு உயிர் இருப்பது சும்மா இல்லை. ஆங்கிலத்துக்குப் போனால் அந்தப் பெண்களும் செரியும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

2018இல் ஒரு தொடர் வந்தது. கதாநாயகி, செரியாக நடித்த அதே சன் யே-ஜின்தான். ‘சம்திங் இன் த ரெயின்’ என்று உங்களுக்குக் கிடைத்திருக்கும். கொரிய மொழியில் அதன் தலைப்பு, ‘சாப்பாடு நன்றாக வாங்கித் தரும் அழகான நூனா’. நூனா என்றால் தம்பி கூப்பிடும் அக்கா. தன் அக்காவின் சிநேகிதியைக் காதலிக்கும் பையனின் கதை அது. கதையின் மொத்த வலியும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் அக்காவும் இல்லை, சாப்பாடும் இல்லை. மழை மட்டும் பெய்கிறது. ‘ஓப்பா’வும் அப்படித்தான். பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் அதே சொல்லால் காதலனையும் கூப்பிடுகிறாள். அங்கே ‘அண்ணா’ என்று தமிழில் போட்டால் நமக்குக் கூசும். ஆனால் உறவுச் சொல்லாலேயே காதலிக்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல, நம்மிடம் அத்தான் இருக்கிறார், மாமா இருக்கிறார்.

அத்தான் என்றதும் என் அக்காவிடம் வந்துவிட்டேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அக்காவைக் கட்டியது எங்கள் அத்தை மகன். இரண்டு பேருக்கும் ஆறு மாதம்தான் வித்தியாசம். வாய்க்காலில் ஒன்றாகக் குதித்து வளர்ந்தவர்கள். அக்கா அவரை ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவாள். ‘ஏலே, இங்க வால’ என்று தெருமுனையிலிருந்து கத்துவாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஆச்சி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அப்படிக் கூப்பிடக்கூடாது, ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்லவேண்டும் என்றாள். நான் பக்கத்துப் பாயில் தூங்குவது மாதிரி படுத்திருந்தேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. கல்யாணம் முடிந்து பல நாள் அவள் அத்தானை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை. பழைய சொல்லுக்கு அனுமதி இல்லை, புதிய சொல் வாயில் வரவில்லை. காபி டம்ளரை அவர் பக்கத்தில் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான் கூப்பிடுதல். பிறகு ஒருநாள் ‘என்னங்க’ வந்தது. அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

கொரியத் தொடர்களில் காதல் ‘ங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கி வருகிறது. எங்கள் வீட்டில் ‘நீ’யிலிருந்து ‘ங்க’வுக்கு ஏற்றிவிட்டார்கள். இறங்கிவரும் வழியில் இரண்டு பேரும் கைகோத்து வரலாம். ஏற்றிவிட்டால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இதைத்தான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம், இரண்டு மாதத்துக்கு முன்னால் அத்தானுக்கு ஒரு ஆபரேஷன். மயக்கம் தெளியும்போது கையில் குத்தியிருந்த ட்ரிப் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். அக்கா ஓடிவந்து அவர் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏலே! கைய எடுல!” என்று கத்தினாள். நாற்பத்தொரு வருடம் கழித்து. நர்ஸ் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். அத்தான் பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் அவர் முகத்தில் பார்த்ததில்லை. வாய்க்கால் காலத்தில் பார்த்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ‘என்னங்க’தான்.

சீனத் தொடர்களை நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டதும் எனக்கு வருத்தம். சீன மொழியில் வினைச்சொல்லுக்கு இப்படி வால் கிடையாது. அங்கே எல்லாம் பெயரில்தான் நடக்கும். 2011இல் வந்த ‘எம்ப்ரஸஸ் இன் த பேலஸ்’, 76 எபிசோடு. காதல் தொடர் என்று அதைச் சொல்லமுடியாது, காதல் சாகும் தொடர். அதில் சக்கரவர்த்தியின் மனைவிகளில் ஒருத்தியான ஜென் ஹுவான் தனிமையில் அவனை ‘சிலாங்’ என்று கூப்பிடுவாள். நான்காவது பிள்ளையாகப் பிறந்தவனுக்குச் செல்லப் பெயர். நாடே காலில் விழும் ஆளை ஒரு பெண் அப்படிக் கூப்பிடுகிறாள். போகப்போக அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து மறைந்து, சடங்குக்குச் சொல்லும் ‘மாட்சிமை தங்கிய’ மட்டும் மிஞ்சும். சாகும் நேரத்தில் அவன் அவளிடம் அந்தப் பெயரைத்தான் கேட்கிறான், இன்னும் ஒரு தடவை சொல்லமாட்டாயா என்று. 76 எபிசோடு இழுக்காமல் இந்த இடத்துக்கு எப்படி வரமுடியும்? ஜென் ஹுவானாக நடித்தவர் சுன் லி. குரல் கொடுத்தவர் ஜி குவான்லின் என்ற டப்பிங் கலைஞர். சீனாவில் நடிப்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர் என்பது சகஜம். அந்தக் குரல் எப்படிப் படிப்படியாகக் கல்லாகிறது என்பதற்காகவே அதை நான் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரின் கிண்டலுக்கும் ஒரு வார்த்தை. இன்னொரு நாட்டு மக்களின் முகத்தைப் பற்றி அப்படிப் பேசுவது நன்றாக இல்லை, மகள் முன்னால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஜப்பானில் 2003இல் என்எச்கே தொலைக்காட்சி ‘விண்டர் சொனாட்டா’ என்ற கொரியத் தொடரைப் போட்டபோது உங்கள் வயதுப் பெண்கள்தான் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவர்களையும் வீட்டிலும் வெளியிலும் கேலி செய்தார்கள். அவர்கள் அசரவில்லை. டப்பிங் போதாது, நடிகர்களின் சொந்தக் குரல் வேண்டும் என்று கேட்டார்கள். 2004 டிசம்பரில் என்எச்கே அதையே கொரிய மொழியில், சப்டைட்டிலோடு, வெட்டாமல் மறுபடி ஒளிபரப்பியது. அவர்களில் எத்தனையோ பேர் நோட்டும் பேனாவுமாகக் கொரிய மொழி வகுப்புக்குப் போனார்கள். உங்கள் வயதுதான் அவர்களுக்கும்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடரில் வரும் பையன் குடை பிடிப்பதையும் ஷூ லேஸ் கட்டிவிடுவதையும் பார்த்து அவள் கெட்டுப்போகமாட்டாள். அவளுக்கு வேண்டியது, யாரும் ஆணையிடாமல் தானாகப் பேச்சைக் கீழே வைக்கும் உரிமை. எப்போது வைப்பது, யாரிடம் வைப்பது என்பது அவள் பாடு. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் சொல்லாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு உட்காருங்கள். வேகத்தை 1க்கு மாற்றுங்கள், குரலைக் கொரிய மொழிக்கு மாற்றுங்கள். உங்களுக்குப் பிடித்த எபிசோடு எதுவானாலும் சரி. செரி அவனைக் கூப்பிடும்போது மட்டும் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா